பிணம் எழுந்து போன் எடுத்த படம்

அம்பத்தூரில் ஒரு மாலின் மேல்மாடித் தியேட்டர். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக் காட்சி. படம் முடிந்து விளக்கு போட்டதும், எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் எழுந்து நின்று பொதுவாகக் கேட்டார்.

"யாருக்காவது கதை புரிஞ்சிருந்தா சொல்லிட்டுப் போங்கப்பா. ஊட்ல கேப்பாங்க."

மிச்சம் இருந்த முப்பது நாற்பது பேரும் சிரித்தார்கள். மிச்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாதிப் பேர் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்கள். அவர்களில் என் மருமகனும் ஒருவர். பாப்கார்ன் வாங்கிவருகிறேன் என்று போனவர், கீழே வண்டியில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுத்துக் கொடுத்த என் மூத்த மகள் சோஃபியா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சாரிப்பா, நல்லா இருக்குன்னுதான் எழுதியிருந்தாங்க" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் என் மனைவி ரீட்டாவும் எழுந்திருக்கவில்லை. ஏசிக் குளிருக்குப் புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, திரையில் ஓடும் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பக்காரர் எங்கள் கால்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

படத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போன வாரம் இந்தப் பத்தியில் ஆவடி குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதற்கே இரண்டு பேர் போன் செய்து கோபித்துக்கொண்டார்கள். இந்தப் படத்தைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் இணையத்தில் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் அந்தக் குழாயடி எவ்வளவோ மேல். எனக்குப் படம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, மூன்று மணி நேரம் கழித்து எனக்கு மூச்சு லேசாக வந்தது என்று சொல்வதுதான் சரி. ஏன் என்று சொல்ல நான் முப்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

கதை என்று ஒன்று உண்டா

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்கள் திண்டாட வேண்டாம்.

நடிக்க ஆசைப்பட்டு ஒருவன் தெற்கே எங்கிருந்தோ சென்னைக்கு வருகிறான். வந்த வேகத்தில் பெரிய ஆளாகிவிடுகிறான். ஒருநாள் படப்பிடிப்பில், பிணமாக நடிக்க வந்த துணை நடிகர் ஒருவர் 'கட்' சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. நம் நாயகன் இன்ஸ்பெக்டர் வேடத்தில் இருக்கிறான். அந்த உடுப்போடேயே உண்மையான விசாரணையைத் தொடங்கிவிடுகிறான். செத்தவன் பெயர் என்ன என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். போர்வையை விலக்கிப் பார்க்கிறான். முகத்தை நமக்குக் காட்டுவதில்லை. செட்டில் ஒரு மேஜையில் ஒயரே இல்லாத பொம்மைத் தொலைபேசி. அது அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

இடைவேளைக்குப் பிறகு அதே செட், அதே ஆட்கள். ஆனால் ஆள் மாறாட்டம். நாயகன் இப்போது நாயகன் இல்லை. போர்வைக்குள் கிடப்பவன் அவன்தான். டீ கொடுத்தவர் டைரக்டர், டைரக்டர் வாட்ச்மேன். இங்கேதான் என் மருமகன் வகையறா வெளியேறியது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சூடான சமோசா கையில் இருக்கும்போது இதெல்லாம் தாங்குவது கஷ்டம்.

எனக்குப் புரிந்த விதம் இதுதான். முதல் பாதி, அவன் ஊருக்கு எழுதிய கடிதங்கள். இரண்டாம் பாதி, நடந்தது. அவ்வளவுதான். டைரக்டர் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆனால் முதல் பாதியில் எல்லாருடைய சட்டையும் இஸ்திரி போட்டபடி இருக்கிறது, மழையில் நனைந்தாலும் கசங்குவதில்லை. இரண்டாம் பாதியில் அதே சட்டையில் வியர்வைக் கறை. பொய்யில் வியர்வை இருக்காது என்பது பொய் சொன்னவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

மீசைக்கு வந்த அழைப்பு

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தேன். திண்டுக்கல் பக்கத்துக்காரன். குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு செல்வம். அவன் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன், என் செக்‌ஷன்தான். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் நாடகம் போடுவோம். எழுதுவது செல்வம். நான் உயரமாக இருந்து, மீசையும் வைத்திருந்ததால் வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர். எங்கள் ஃபோர்மேன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவரைக் கைது செய்வதுபோல ஒருமுறை மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். விசில் பறந்தது. அன்றைக்கு நான் பெரிய நடிகன் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

செல்வத்துக்குத் தெரிந்த ஒரு தயாரிப்பு நிர்வாகி அந்த நாடகத்தைப் பார்க்க வந்திருந்தார். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு தோப்பு பங்களாவில் படப்பிடிப்பு, இன்ஸ்பெக்டருக்கு ரெண்டு வரி வசனம், நாலு நாள் வேலை, வருகிறாயா என்று கேட்டார். செல்வம் கூட நிற்கும் கான்ஸ்டபிள். அவனுக்கு வசனம் இல்லை.

லீவுதான் சிக்கல். அந்த மாதம் தொழிற்சாலையில் வேலை குவிந்து கிடந்தது, யாருக்கும் லீவு இல்லை. மெடிக்கல் லீவு போட்டால், ஆள் உண்மையிலேயே படுத்திருக்கிறானா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். சினிமாவில் நடிக்கப் போனது தெரிந்தால் சார்ஜ் ஷீட். கையில் ஒரு வயதுக் குழந்தை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

செல்வம் யோசித்துச் சொன்னான். "அம்மைன்னு போடு மச்சான். வாசல்ல வேப்பில கட்னா ஒரு பய உள்ள வரமாட்டான்."

அவன் மனைவி தனம் ஏணி போட்டு ஏறி, எங்கள் இரண்டு வீட்டு நிலையிலும் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். எங்கள் வீட்டு நிலையில் ஏற்கெனவே குருத்து ஞாயிறு ஓலைச் சிலுவை செருகியிருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கோயிலுக்குப் போகும் வழியில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று ரீட்டா கவலைப்பட்டாள். பங்குச் சாமியார் அந்தப் பக்கம் வராமல் இருக்க அவள் ஜெபம் செய்ததும் எனக்குத் தெரியும்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் இளநீரும் மோரும் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று விசாரித்தார்கள். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் தங்கமானவர்கள். அந்த இளநீரைக் குடித்துவிட்டுத்தான் நான் மறுநாள் பொழுது விடியும் முன் பின்வாசல் வழியாக நடிக்கப் போனேன்.

ஒன்பது டேக்

வசனம் இதுதான். "யாரும் எதையும் தொடாதீங்க. பாடிய முதல்ல பார்த்தது யாரு?"

படப்பிடிப்பின் முதல் நாள் என் காட்சி வரவில்லை. அன்றிரவு வீட்டில் ரீட்டாவுக்கு நூறு தடவை சொல்லிக் காட்டினேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் "பாடிய முதல்ல பார்த்தது யாரு" என்றேன். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கு முகத்தில் அடித்தது. கேமரா ஓடத் தொடங்கியது. அந்த உர்ர்ர் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"யாரும் பார்க்காதீங்க. பாடிய முதல்ல தொட்டது யாரு?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பரவாயில்லை, மறுபடி என்றார் டைரக்டர். மறுபடி அதேதான். மூன்றாவதில் வசனம் சரியாக வந்தது, குரல் வரவில்லை. ஐந்தாவதில் தொப்பி விழுந்தது. ஏழாவதில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். ஒன்பதாவது முடிந்ததும் டைரக்டர் உதவியாளரிடம் திரும்பி, "அந்த கான்ஸ்டபிள் சொல்லுவானா?" என்று கேட்டார்.

செல்வம் ஒரே டேக்கில் சொன்னான். நாடகத்துக்கு வசனம் எழுதியவன் அவன்தானே.

உடுப்பைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன். நாலு நாள் என்று பேசி வரவழைத்த ஆளைச் சும்மா அனுப்ப வேண்டாமே என்று நிர்வாகி இரக்கப்பட்டு, பிணமாகப் படுக்கச் சொன்னார். முகத்தில் சாம்பல் நிறப் பவுடர் பூசினார்கள். அதன் மேல் வெள்ளைப் போர்வை. முகமே தெரியாத பிணத்துக்குப் பவுடர் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. போர்வைக்குள் கற்பூர உருண்டை வாசனை. தலைக்கு மேல் செல்வம் என் வசனத்தை வேறு வேறு கோணத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் அழுதேன். பிணம் அழுவது நல்லவேளையாகத் தெரியவில்லை.

அதே நேரம் ஆவடியில்

இதை நான் பிறகு ரீட்டா சொல்லிக் கேட்டது.

ஒரே வரிசையில் இரண்டு வீட்டில் வேப்பிலை தொங்கினால் தொழிற்சாலை சும்மா இருக்குமா? அம்மை பரவுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சுகாதார ஆய்வாளர் இரண்டு ஆட்களோடு, பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்து இறங்கிவிட்டார். வேப்பிலை கட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்ட எங்கள் இரண்டு மூளைக்கும், இரண்டு வேப்பிலை என்றால் ஜீப்பே வரும் என்று தோன்றவில்லை.

தனம் சமாளித்தாள். என் புருஷன் அம்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார் என்றாள். அப்போ பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கிறேன் என்று அவர் திரும்பினார். தனம் குரலை உயர்த்தி, செருப்பைக் கழற்றுங்கள், கை கால் கழுவுங்கள், உள்ளே ஆத்தா இருக்கிறாள் என்று இரண்டு நிமிஷம் இழுத்துப் பிடித்தாள். அந்த இரண்டு நிமிஷத்தில் ரீட்டா குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறி, தலையோடு போர்வையை இழுத்து மூடி, நானாகிவிட்டாள்.

ஆய்வாளர் வாசற்படியில் நின்று பார்த்தார். ரீட்டா ஆண் குரலில் இரண்டு தடவை முனகினாளாம். எனக்கு ஒன்பது டேக்கில் வராதது அவளுக்கு ஒரே டேக்கில் வந்தது. ஆனால் அவசரத்தில் இழுத்த போர்வை கால் பக்கம் ஒரு சாண் குறைந்துவிட்டது.

மனுஷர் நல்லவர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தனத்திடம் மெதுவாகச் சொன்னாராம்: "நாளைக்குக் காலைல டாக்டர் நேர்ல வர்றாரு. அதுக்குள்ள பேஷன்ட்டை மெட்டியக் கழட்டி வைக்கச் சொல்லுங்கம்மா."

ஜீப் போனதும் ரீட்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். தோப்பு வாசலில் இருந்த டீக்கடையின் போன் எண்ணை, உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

செட்டில் எல்லாரும் மௌனமாக நிற்க, கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டீக்கடைக்காரர் உள்ளே வந்து கத்தினார்.

"ஆவடிலேர்ந்து வந்த ஆளு எவர்பா? உன் ஊட்லேர்ந்து போன் வந்துகீது. சீக்ரம் வா."

நான் போர்வையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டிருந்த நடிகை நிஜமாகவே அலறினார். டைரக்டர் என்னென்னவோ திட்டினார். நான் காதில் வாங்கவில்லை. ஓடினேன். அந்த ஓட்டத்தில் எனக்கு இருந்தது பயம் இல்லை. அப்பாடா என்ற உணர்வு. யாரோ என்னை அங்கிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், போக எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு வாக்கியப் பொய்

மறுநாள் டாக்டர் வந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் அந்தச் சாம்பல் பவுடரைக் கழுவாமலே படுத்தேன்; ரீட்டாவுக்கு அது ஏதோ சினிமா மேக்கப். தனம் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, தீக்குச்சியால் முகமெல்லாம் புள்ளி வைத்தாள். டாக்டர் வாசலிலேயே நின்று பார்த்து, பத்து நாள் ரெஸ்ட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் நடிப்பை நம்பிய ஒரே பார்வையாளர் அவர்தான்.

ஆனால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ரீட்டா கேட்ட முதல் கேள்வி, "வசனம் சொல்லிட்டீங்களா?" என்பதுதான். அவள் முகத்தில் அவ்வளவு ஆசை. ஒன்பது டேக்கை அந்த முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது?

"சொல்லப் போற நேரத்துலதான் உன் போன் வந்துச்சு. செல்வத்துக்குக் கொடுத்துட்டாங்க" என்றேன்.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். ராத்திரி உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ராத்திரி ஆயிற்று, சொல்லவில்லை. பிறகு வாரம் ஆயிற்று.

படம் வந்தபோது குவார்ட்டர்ஸ் சங்கத்தில் மொத்தமாக டிக்கெட் எடுத்து எல்லாரும் போனார்கள். செல்வம் திரையில் வந்து வசனம் பேசியதும் கைதட்டல். அவன் அம்மையோடு எப்படி நடித்தான் என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு அதிசயம். ரீட்டா மட்டும் இருட்டில் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்வத்தின் காலடியில் ஒரு வெள்ளைப் போர்வை கிடந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் என்னை எங்கிருந்தும் கூப்பிட்டதே கிடையாது. சின்னவள் ஜெனி பிறக்கும் அன்று வலி எடுத்தபோது, தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பாமல், தனத்தைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "ஒரு தடவை கூப்பிட்டுக் கெடுத்தது போதும்" என்றாள்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செல்போன் வந்த பிறகும் அப்படித்தான். நான் அடித்தால் எடுப்பாள். அவளாக அடிக்கமாட்டாள். பிள்ளைகளுக்கு இது அம்மாவின் குணம். எனக்குத்தான் தெரியும், அது குணம் இல்லை, நான் கொடுத்த தண்டனை.

செல்வம் அடுத்த வருஷமே வேலையை விட்டான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கோடம்பாக்கத்தில் அலைந்து, இன்ஸ்பெக்டராகவே இருந்து ஓய்ந்தான். இப்போது திருநின்றவூரில் மனை விற்கிறான். எங்கள் வீட்டு மனையும் அவன் வாங்கித் தந்ததுதான். இன்றைக்கும் எல்லைக்கல்லைக் காட்டும்போது "யாரும் எதையும் தொடாதீங்க" என்பான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஒன்பது டேக்கை உளறிவிடுவானோ என்று அவனுக்கும் ரீட்டாவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தே எனக்கு இடுப்பு போயிற்று.

அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சு

படத்தின் கடைசிக் காட்சி. செட்டில் யாரும் இல்லை. பொம்மைத் தொலைபேசி அடிக்கிறது. போர்வைக்குள் கிடப்பவன் எழுந்து, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்து ரிசீவரை எடுக்கிறான். மறுமுனையில் பெண் குரல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. படம் முழுக்க யாருக்கும் தெரியாத அந்தப் பெயர். அவன், "வந்துடறேன்" என்கிறான். இருட்டு. இதற்குத்தான் இணையத்தில் அந்தக் கூச்சல்.

மகளையும் மருமகனையும் அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலுக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் ரீட்டா பேசினாள்.

"அந்தப் பொம்பளை ஏன் விடாம போன் பண்ணிக்கிட்டே இருந்தா? அதனாலதான அவன் பொழப்பு போச்சு?"

அரங்கமே புரியவில்லை என்று சொன்ன படத்தை இவள் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாள், ஒரு இடத்தைத் தவிர. அந்த ஒரு இடத்தைத் தலைகீழாக மாற்றிவைத்தது நான். ஆவடி வண்டி வந்து போயிற்று. திருநின்றவூர் வரை போகாத வண்டி எங்களுக்கு உதவாது. அடுத்து திருவள்ளூர் வண்டி வந்தது. அவள் எழுந்தாள். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"அவன் பொழப்பு அதுக்கு முன்னாடியே போச்சு ரீட்டா. ஒன்பது டேக்" என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி விழுந்தது, உடுப்பைக் கழற்றிக் கொடுத்தது, போர்வைக்குள் அழுதது. போன் வந்தபோது நான் பிணம், இன்ஸ்பெக்டர் இல்லை என்பது. அவள் என்னைப் பார்க்காமல் எதிர் நடைமேடையில் முறுக்கு விற்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, என்னால இல்லையா?"

"இல்ல. நீ கூப்பிட்டதாலதான் நான் தப்பிச்சேன்."

"ஜெனி பொறந்தப்போ தனியா போனேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள். மன்னித்துவிடு என்று சொன்னேன். கைப்பையைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். அடுத்த வண்டி வந்ததும் போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

திருநின்றவூரில் இறங்கிப் பார்த்தபோது எனக்காக நடைமேடையில் நின்றிருந்தாள். ஆனால் என்னைவிடப் பத்தடி முன்னால்தான் வீடுவரை நடந்தாள்.

கொத்தமல்லி

இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். நியாயம்தானே. முப்பது வருஷப் பொய்க்கு இரண்டு நாள் ரொம்பக் குறைச்சல்.

இதற்கிடையில் செல்வம் போன் செய்தான். அவனும் படத்தைப் பார்த்திருக்கிறான். "இன்னா மச்சான் படம் அது? தலவலி. பொணம் எய்ந்து போய் போன் எடுக்குது. எங்கனா நடக்குமா?" என்றான்.

"நான் எடுத்தேனேடா" என்றேன்.

அவன், "ஆமால்ல" என்று சிரிக்கத் தொடங்கினான். வெகு நேரம் சிரித்தான். ரீட்டாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாது. நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்ததெல்லாம் வீண்.

மூன்றாம் நாள் காலை ரீட்டா தோசை வார்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "தொப்பி எத்தனாவது டேக்ல விழுந்துச்சு?"

"அஞ்சாவது."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது. அதை என் தட்டில்தான் போட்டாள்.

இந்தப் படத்தை நான் ஏன் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று என் மருமகன் கேட்கிறார். தோற்றவனை நம் படங்கள் ஒன்று சாகடிக்கும், இல்லையென்றால் கடைசி ரீலில் ஜெயிக்க வைக்கும். இந்த டைரக்டர் அவனை முகம் கழுவ வைத்து வீட்டுக்கு அனுப்புகிறார். வீட்டுக்குப் போவது தோல்வி இல்லை என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. அதைச் சொல்ல ஒயர் இல்லாத போன் வேண்டியிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று மாலை திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு வெளியே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ரீட்டா. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் ஆகல. கொத்தமல்லி வாங்க மறந்துடாதீங்க."

"சரி" என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"சீக்கிரம் வாங்க" என்றாள்.

"வந்துடறேன்" என்றேன்.

கொத்தமல்லிக் கட்டைக் கையில் வாங்கி உதறுவதற்குள் மறுபடியும் அடித்தாள். புதினாவும் வேண்டுமாம்.